தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை

போன மாதம், ஒரு புதன்கிழமை காலையில் என் அப்பா என்னோடு ஐந்து நிமிடம் விடாமல் பேசினார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். தலையாட்டினேன். "சரி நைனா, சரி" என்றேன்.

மூன்று வாரமாகப் பத்தியைக் காணோமே என்று கேட்டு எழுதியவர்களுக்கு இதுதான் பதில். முதலில் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், பிறகு ஊரில் நைனாவோடு இருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். மாநிலம் ஆந்திரா, வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் தெலுங்கு, பாதி பஸ் மெட்ராஸுக்கு. நான் ஊத்துக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கித் தமிழ் மீடியத்தில் படித்தவள். அப்புறம் சென்னையில் காலேஜ், சென்னையிலேயே வேலை. என் தெலுங்கு 'சாப்பிட்டாயா', 'எங்கே போகிறாய்' அளவோடு நின்றுவிட்டது. யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால் போச்சு.

நைனா அப்படி இல்லை. அவர் பிறந்தபோது குடும்பத்துக்கு என்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. கூலிக்குப் போய், சேர்த்து, ஒன்றரை ஏக்கர் வாங்கினார். எங்கள் பக்கம் ஃபாக்டரிகள் வந்ததும் லோடிங் வேலைக்குப் போனார். மண்டல ஆபீஸ், மார்க்கெட், கான்ட்ராக்டர்... எல்லாரிடமும் தெலுங்குதானே? ஒரே வாக்கியத்தில் தமிழில் ஏறித் தெலுங்கில் இறங்குவார். நான் லீவில் வந்தால் போதும், வேண்டுமென்றே கடினமான தெலுங்கில் என்னிடம் எதையாவது கேட்பார். நான் முழிப்பேன்.

"ஆந்திராவுல பொறந்துட்டு தெலுங்கு வர்ல. இன்னாத்த படிச்ச நீ?"

இது எங்கள் வீட்டு விளையாட்டு. இருபது வருடமாக நடக்கிறது. அதனால்தான் நான் ஏமாந்தேன்.

*

லோடு தூக்கித் தூக்கி நைனாவுக்குக் குடலிறக்கம். ஹெர்னியா என்றால் எல்லாருக்கும் தெரியும். பெரிய ஆபரேஷன் இல்லை, இரண்டு நாளில் வீடு. ஆனால் நைனாவுக்கு வேறு சில சொத்துகளும் உண்டு. பி.பி., கொஞ்சம் சுகர், முப்பது வருடப் பீடி. போதாதென்று போன வருடம் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று கண்டுபிடித்து, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனில் ரத்தம் நிற்க வேண்டுமே? அதனால் அந்த மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். இதில் யார் தப்பும் இல்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அம்மா வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்ள, நான் லீவு போட்டுத் துணைக்கு வந்தேன். செவ்வாய்க்கிழமை அட்மிஷன். புதன் காலை பத்து மணிக்கு ஆபரேஷன்.

புதன் காலை ஆறு பத்துக்கு என் தம்பி குவைத்திலிருந்து கூப்பிட்டான். அங்கே ரொட்டிக் கடையில் வேலை. ஊரே தூங்கும்போது அவன் மாவு பிசைந்துகொண்டிருப்பான். நைனா என் போனை வாங்கித் தெளிவாகப் பேசினார்.

"எனுக்கு இன்னாடா, நான் நல்லாதான் கீறேன். நீ அந்த ரொட்டியவே துன்னுகினு கெடக்காத. சோறு துன்னு."

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார்.

அப்புறம் நான் கீழே போனேன். ஒரு சீட்டில் கையெழுத்து, இன்னொரு சீட்டில் சீல், நடுவில் ஒரு காபி. திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தா எப்படி இருக்கும் என்று தெரியும் அல்லவா? நேற்று மலையில் மொட்டை போட்ட தலை பாதி, நாளை போடப் போகிற தலை பாதி. க்யூ நகர்ந்து முடித்து மாடிக்கு வரும்போது ஏழரை தாண்டிவிட்டது.

வார்டு வாசலில் நர்ஸ் எதிரே வந்தார். நெல்லூர்ப் பக்கத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். கை நிறைய ஃபைல்.

"மீ நான்ன தமிழ்லோ ஏதோ அடுகுதுன்னாரு, சூடண்டி."

உங்கள் அப்பா தமிழில் ஏதோ கேட்கிறார், பாருங்கள். அவ்வளவு தெலுங்கு எனக்குப் புரியும். போய்ப் பார்த்தேன்.

நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்குக் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டிருந்தார். இடது கை உள்ளே போயிருந்தது. அங்கியின் வலது கைப் பக்கம் வெறுமனே தொங்கியது. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"அதாம்மே... தடமாலு ஒட்டிகினு கொலவண்டி சேப்பு பண்ணா, ரவுண்டல போயேதி... ஆ? சாலகட்டு மேலே தப்பிடி, ஆ?"

கேள்வி மாதிரியே முடிந்தது. புருவத்தைத் தூக்கி, இரண்டு கையையும் விரித்து, பதிலுக்குக் காத்திருந்தார்.

"இன்னா நைனா, ஆபரேஷன் அன்னிக்குமா பரீட்ச? அவுனு அவுனு. போதுமா?"

அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். மறுபடி அதே வேகம், அதே ஏற்ற இறக்கம். நான் மறுபடி சிரித்தேன். பாவம், டென்ஷன், அதனால்தான் வம்பு பண்ணுகிறார் என்று நினைத்தேன். வலது கையைப் பிடித்து அங்கிக்குள் விட்டேன். அதையும் டென்ஷன் கணக்கில் சேர்த்தேன்.

இதற்குள் தம்பி மறுபடி கூப்பிட்டான். போனை நைனா காதில் வைத்தேன். அவர் பேசினார். சற்று நேரத்தில் போன் என்னிடம் வந்தது.

"அக்கா, இங்க டவரே இல்ல. நைனா பேசறது ஒண்ணும் வெளங்கல. கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாறி கீது. அப்பறமா கூப்புட்றேன்."

பாருங்கள் வேடிக்கையை. நர்ஸுக்கு அது தமிழ். எனக்கு அது தெலுங்கு. தம்பிக்கு அது டவர்.

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது. மூன்றுமே நியாயமான காரணம்! எங்கள் எல்லைப் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒழுங்காக, மரியாதையாக ஏமாந்திருக்க முடியாது.

லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே சொல்லுங்கள் — பக்கவாதமாக இருக்கலாம். காபி கையோடு நின்று, எழுத்து விடாமல் படித்திருந்தேன். அச்சடித்தது எது கண்ணில் பட்டாலும் படிப்பேன் நான். ஆனால் நைனாவின் வாய் கோணவில்லை. கை இரண்டையும் தூக்கினார். பேச்சு குழறவில்லையே? கணீரென்று, அழுத்தம் திருத்தமாக, கான்ட்ராக்டரிடம் பேசுகிற மாதிரி பேசினார். உள்ளே வார்த்தைதான் இல்லை.

குழறல் என்றால் நாக்கு தடித்து, எச்சில் வழிந்து... அப்படித்தானே நினைப்போம்?

*

தரையைத் துடைத்துக்கொண்டே வந்தார் மல்லிகா அக்கா.

நாற்பது வயது இருக்கும். சித்தூர் பக்கம் குடிபாலாவிலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவர். கான்ட்ராக்டில் வார்டு க்ளீனிங். முந்தின நாள் சாயங்காலமே நைனாவும் அவரும் பேசிச் சிநேகமாகிவிட்டார்கள். இரண்டு பேரும் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறித் தாவியதை நான் வேடிக்கை பார்த்திருந்தேன். அவர் நைனாவின் கட்டிலுக்கு அடியில் மாப்பை விட்டபடியே குசலம் விசாரித்தார்.

"இன்னா பெரியவரே, காலைலயே கெளம்பியாச்சா?"

நைனா பதில் சொன்னார். தடமாலு, கொலவண்டி.

மாப் நின்றது.

மல்லிகா அக்கா நிமிர்ந்தார். தெலுங்கில் ஏதோ கேட்டார். நைனா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். தமிழில் கேட்டார். அதற்கும் அதே சிரிப்பு, அதே பதில்.

"யம்மா, இன்னாம்மா பேசறாரு உங்க நைனா?"

"தெலுங்குக்கா. என்னைக் கலாட்டா பண்றாரு."

"தெலுங்கா? யார் சொன்னது?"

"தமிழ் இல்லியே... அப்ப தெலுங்குதானே?"

"அய்ய, எனுக்குத் தெலுங்கு தெரியாதா? பதினஞ்சு வருசமா இங்கதான் பெனாத்திகினு கீறேன். இது தெலுங்கு இல்லம்மா. தமிழும் இல்ல. தெலுங்கும் இல்ல. இது ஒரு பாஷையே இல்ல!"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆபரேஷன் நேரத்தில் இப்படியா பயமுறுத்துவது?

"இல்லக்கா, நேத்துகூட அவரு—"

"நேத்து பேசனாரும்மா. நேத்து எங்க ஊரு மல்லாக்கொட்ட வெல வரைக்கும் பேசனாரு. இன்னிக்கி அவருக்கு இன்னாமோ ஆயிட்ச்சி."

மாப்பை அப்படியே போட்டார். "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு ஓடினார். ஈரத் தரையில் அவர் செருப்புத் தடம் வரிசையாக விழுந்தது. எனக்கு அதுதான் கண்ணில் நிற்கிறது.

நர்ஸ் வந்தார். "தமிழ் காதா?" என்று என்னைக் கேட்டார். "தெலுங்கு இல்லியா?" என்று நான் அவரைக் கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு விநாடியில்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

அந்த நர்ஸை நான் மறக்க மாட்டேன். க்ளீனிங் ஆள் சொல்லி நான் ஓடி வருவதா என்று நினைக்கவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன் என்று சமாளிக்கவில்லை. மூக்கைத் தொடச் சொன்னார், நைனாவுக்குப் புரியவில்லை. தன் மூக்கைத் தானே தொட்டுக் காட்டினார், உடனே நைனாவும் தொட்டார். கண்ணை மூடச் சொன்னார், நைனா சிரித்தார். அவ்வளவுதான், நர்ஸ் போனை எடுத்துவிட்டார்.

*

நரம்பியல் டாக்டர் வந்தார். கர்னூல் பக்கத்துக்காரர். தமிழ் சுத்தமாக வராது. என்னிடம் இங்கிலீஷில் பேசினார். அவருடைய முதல் கேள்வி —

"கடைசியாக எப்போது சரியாகப் பேசினார்?"

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒருவர் கடைசியாக எப்போது சரியாக இருந்தார்? யார் கவனித்தார்கள்?

"இது முக்கியம்மா," என்றார். "பக்கவாதமா இருந்தா, மூளையில அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ளே போடணும். எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியாட்டி நான் போட முடியாது. சீக்கிரம் போட்டா பேச்சு திரும்ப நல்ல சான்ஸ். லேட் ஆனா..."

நைனாவின் பேச்சு. அதுதான் பணயம். வேறு எதுவும் இல்லை. நான் எழுதாவிட்டாலும் பிழைத்துக்கொள்வேன், ஆனால் அவர் பேசிப் பிழைக்கிறவர். கூலி பேசியதும், நிலம் பேசி முடித்ததும், எங்களைப் படிக்க வைக்க அத்தையிடம் பேசியதும் அந்த வாய்தான்.

எப்போது சரியாகப் பேசினார்? விடிந்தபோதா? நான் கீழே போகும் முன்பா? மல்லிகா அக்காதான் பின்னாலிருந்து கேட்டார்.

"போன்ல பேசிகினு இருந்தாரேம்மா, நான் குப்பை எடுக்க வந்தப்ப? ரொட்டி துன்னாதடான்னாரே?"

போன்! கால் லிஸ்ட்டைத் திறந்தேன். ஆறு பத்து. குவைத் நம்பர். பேசியது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் சுத்தமான தமிழ். டாக்டர் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபது.

"போதும். ஸ்கேனுக்கு எடுங்க."

கட்டில் ஓடியது. நானும் ஓடினேன். லிஃப்ட்டில் நைனா என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஏதோ சொன்னார். என்ன சொன்னார்? யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. "புரியல நைனா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடைப்புதான். மாத்திரையை நிறுத்திச் சில நாள் ஆகிவிட்டதால் ரத்தப் பரிசோதனையும் ஊசிக்குத் தடை சொல்லவில்லை. ஹெர்னியா ஆபரேஷன் இன்னும் ஆகாததும் நல்லதாகப் போயிற்று, புதிதாக வெட்டின உடம்பில் இந்த ஊசி போட ரொம்பவே யோசிப்பார்களாம். ஆனால் இந்த ஊசியால் சிலருக்கு மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் போட வேண்டும்.

குவைத்துக்கு அடித்தேன். "போடுக்கா," என்றான் தம்பி. "நைனா பேசாம நம்ம வீடு வீடா இருக்காது."

போட்டேன். ஒன்பது மணிக்கு ஊசி ஏறியது.

*

அதற்குப் பிறகு காத்திருப்புதான். ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே அந்த நர்ஸ் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நேனு தமிழ் அனுகுன்னானு." நான் தமிழ் என்று நினைத்தேன்.

"நான் தெலுங்குன்னு நெனச்சேன், சிஸ்டர்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. ஒரே பாஷையில்தான் அழுதோம்.

சாயங்காலம் நான்கு மணிவாக்கில் நைனா கண் திறந்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோனேன்.

"வாயி... காஞ்சி... போச்சி."

மூன்று வார்த்தை. மூன்றும் தமிழ்! நான் துள்ளிக் குதித்துத் தண்ணீர் எடுக்க ஓட, நர்ஸ் கையைப் பிடித்து நிறுத்தினார். முழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீராம். ஸ்ட்ரோக் வந்தவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். பாசத்தில் ஒரு டம்ளர் ஊற்றியிருந்தால் அடுத்த வியாதியை நானே வரவழைத்திருப்பேன்.

மறுநாள் டாக்டரிடம் என் பெரிய சந்தேகத்தைக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலேயே படுத்திருக்கிறவருக்கு எப்படி ஸ்ட்ரோக் வரும்? சுற்றிலும் டாக்டர், நர்ஸ், மெஷின்...

அவர் சிரித்தார். "வரும். இங்கே இருக்கிறவங்க ஏற்கெனவே நோயாளிங்க இல்லையா? இதயம் தாளம் தப்புறவங்க இருக்காங்க. பி.பி., சுகர், புகை, முன்னாடி ஒரு தடவை வந்தவங்க... அதுக்கு மேலே ஆபரேஷனுக்காக மாத்திரையை நிறுத்தறோம், பட்டினி போடறோம், உடம்புல நீர் குறையுது. வரத்தான் செய்யும். வர்றதைவிடக் கஷ்டம் என்ன தெரியுமா? கண்டுபிடிக்கிறது."

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் திடீரென்று உளறினால் தெருவே கூடிவிடும். வார்டில் உளறினால்? 'மருந்து மயக்கம்.' கால் இழுத்தால் 'படுத்தே கிடந்தாரே, மரத்திருக்கும்.' திடீரென்று தூங்கி வழிந்தால் 'பாவம், ராத்திரி தூங்கவில்லை.' ஒரு பக்கம் இருப்பதைப் பார்க்கவில்லை என்றால், சட்டையில் ஒரு கையை மட்டும் விட்டால் 'டென்ஷன்.' ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் ரெடியாக இருக்கிறது. அதனாலேயே உண்மையான காரணம் வரிசையில் கடைசியில் நிற்கிறது.

திடீரென்று — இந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு மணி நேரம் முன்பு இருந்த மாதிரி இப்போது இல்லையா? பேச்சு, நடை, பார்வை, கை, முகம்... எது திடீரென்று மாறினாலும் சத்தம் போடுங்கள் என்றார் டாக்டர். தப்பாக இருந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

தினமும் நைனாவின் பேச்சை டாக்டர் சோதிக்க வேண்டும். இரண்டு பாஷையிலும். சிலருக்கு ஒன்று முதலில் வரும், இன்னொன்று தாமதிக்கும், சிலருக்கு வராமலே போகவும் கூடும் என்றார். ஆனால் தமிழ் சரியா என்று அவருக்குத் தெரியாது. தெலுங்கு சரியா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் யார்?

"மல்லிகானி பிலு," என்றார் டாக்டர். மல்லிகாவைக் கூப்பிடு.

அன்றிலிருந்து தினமும் காலையில் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மல்லிகா அக்கா கட்டில் பக்கத்தில் வந்து நிற்பார். டாக்டர் சாவியைக் காட்டுவார். பேனாவைக் காட்டுவார். நைனா தேடுவார். "அது... கதவு... கதவு மூட்றது..." மல்லிகா அக்கா தீர்ப்புச் சொல்வார், டாக்டருக்குத் தெலுங்கில், எனக்குத் தமிழில்.

"தமிழு எட்டிப் பாக்குதும்மா. தெலுங்கு இன்னும் பஸ்ஸே ஏறல."

டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினார். பஸ்ஸை எழுதினாரா என்று தெரியவில்லை.

ஒருநாள் மல்லிகா அக்காவைத் தனியாகப் பிடித்து, "அக்கா, உங்களுக்கு எப்படி ஸ்ட்ரோக்னு தெரிஞ்சிச்சு?" என்று கேட்டேன்.

"எனுக்கு நோயி இன்னா தெரியும்மா? பாஷ தெரியும். புரியலன்னா புரியலன்னு சொல்வேன், அவ்ளோதான்."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்வேன். நான் சொல்வேனா? என் ஆபீஸில் தினமும் கான்ஃபரன்ஸ் கால். எதிர்முனையில் அமெரிக்காக்காரர். அவர் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடாது. 'யெஸ்... ஷ்யூர்... அப்ஸல்யூட்லி' என்பேன். அப்புறம் பக்கத்து சீட்டில் விசாரிப்பேன். அவளும் 'யெஸ், ஷ்யூர்' போட்டவள்தான். பாங்க் ஃபாரத்தில் கையெழுத்து, மாலில் சேல்ஸ்மேன் பேச்சு, போனில் வரும் ஆஃபர்... என் தலைமுறை வேலைக்கு ஊர் மாறி, பாஷை மாறி, எங்கே போனாலும் தலையாட்டியே தப்பித்து வந்திருக்கிறது. புரியவில்லை என்று சொன்னால் கிராமத்தாள் என்று நினைத்துவிடுவார்களே?

பட்டிக்காட்டாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று மல்லிகா அக்காவுக்குக் கவலையே இல்லை. அதனால் என் அப்பா பேசுகிறார்.

எத்தனை பேருக்கு நன்றி சொல்வது? ஓடிய நர்ஸுக்கு. திறந்த டிபன் டப்பாவை அப்படியே மூடிவிட்டு ஸ்கேன் அறைக் கதவைத் திறந்த டெக்னீஷியனுக்கு. ஒரு துப்புரவுப் பெண்மணியின் வார்த்தையைக் கேஸ் ஷீட்டில் எழுதிய டாக்டருக்கு. மாவு பிசையும் கையோடு ஆறு பத்துக்குக் கூப்பிட்ட தம்பிக்கு. அந்த நான்கு நிமிடம் இல்லாவிட்டால் டாக்டரின் கேள்விக்கு என்னிடம் பதிலே இருந்திருக்காது.

நைனாவுக்கு இன்னும் சில வார்த்தைகள் வழுக்குகின்றன. ஸ்பூனைச் 'சின்னக் கரண்டிப் பையன்' என்கிறார். பீடி நின்றுவிட்டது, அதாவது அம்மா நிறுத்திவிட்டார். மாத்திரை மறுபடி ஆரம்பித்திருக்கிறது, ஹெர்னியா ஆபரேஷன் தள்ளிப் போயிருக்கிறது. இனி எந்த ஆபரேஷன் என்றாலும் எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று இரண்டு டாக்டரையும் பேச வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். டிஸ்சார்ஜுக்கு முந்தின காலை. தமிழ் முக்கால்வாசி வந்துவிட்டது. தெலுங்கு மட்டும் வரவே இல்லை. கேட்டால் புரிகிறது, தலையசைக்கிறார், ஆனால் வாய் திறந்தால் தமிழ்தான். "இது இனிமே வராதோ என்னமோ" என்று நைனாவே தமிழில் சொல்லிவிட்டார். மார்க்கெட்டிலும் ஃபாக்டரியிலும் பாதி வாய் மூடிய மனுஷனாக நிற்க வேண்டும் என்று அவருக்கு ஒரு சோர்வு.

வராந்தாவில் நடை பழக வேண்டும். கட்டிலிலிருந்து இறங்கினார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். டாக்டர் வாசலில் நின்றார். மல்லிகா அக்கா அப்போதுதான் அந்த இடத்தைத் துடைத்து முடித்திருந்தார். தரை பளபளவென்று ஈரம். நைனாவின் கால் லேசாக வழுக்கியது.

"ஏமம்மா!" — வார்டே திரும்பிப் பார்த்தது. "நேல ஆரகுண்டா நடிச்சேதெட்லா? காலு இரிகிதே புத்தூருக்கு நுவ்வு தீஸ்கபோதாவா?"

மல்லிகா அக்கா மாப்பைக் கீழே போட்டுவிட்டார்.

"சார்! சார்! தெலுங்கு ஒச்சேசிந்தி சார்! திடுத்துன்னாரு!"

தெலுங்கு வந்துவிட்டது, திட்டுகிறார்! டாக்டர் சுவரில் சாய்ந்து சிரித்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாக்கா சொன்னாரு? இன்னா சொன்னாரு?"

"ஈரத்துல நடக்க வுட்றியே, காலு ஒடஞ்சா கட்டு போட புத்தூருக்கு நீயா இட்னு போவன்னு கேக்கறாரும்மா! எழுத்து ஒண்ணு தப்பல!" என்று சொன்னவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அடடா, திட்டு வாங்கனது நானு. நீ எதுக்கும்மா அழுவற?"

என்ன செய்வது... அவ்வளவு நல்ல தெலுங்கை நான் கேட்டதே இல்லை.